டேங்குக்குள் இருந்தவர்

டேங்குக்குள்ளே ஆள் இறங்கிவிட்டால் பேச்சு கிடையாது. எங்கள் தொழிலில் முதலில் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். உள்ளே வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் அது சுவரில் மோதி, கூரையில் மோதி, பத்துப் பேர் சேர்ந்து சொன்ன மாதிரி சொன்னவன் காதுக்கே வந்து சேரும். எது நம் குரல், எது திரும்பி வந்த குரல் என்று பிடிபடாமல் தலை கிறுகிறுத்துப் போகும். அதனால் தட்டித்தான் பேசிக்கொள்வோம். வெளியே நிற்கிறவன் மரச் சுத்தியால் தகட்டில் மூன்று தடவை தட்டுவான். உள்ளே இருக்கிறவன் சுரண்டிக் கட்டையால் இரண்டு தடவை பதில் தட்டுவான். பதில் வந்தால் ஆள் நல்லபடியாக இருக்கிறான். வராவிட்டால் அவன் இடுப்பில் கட்டியிருக்கிற கயிற்றைப் பிடித்து இழுத்துவிட வேண்டியது. வேறு யோசனையே கிடையாது.

சோப்புக்குப் போகிற எண்ணெயைத் தேக்கி வைக்கும் டேங்குகள் அவை. ஒரு டேங்கைக் காலி செய்ததும் அடியில் முழங்கால் உயரத்துக்குக் கசடு நிற்கும். அதைச் சுரண்டி, வாளியில் அள்ளி, வெளியே கொடுத்து, மரத்தூளைத் தூவித் துடைத்துச் சுத்தமாக்குவது எங்கள் வேலை. கீழே தரையோடு ஒட்டி ஒரு வட்ட வாய் இருக்கும். அதன் வழியாகத் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி பறக்கும் என்பதால் சுத்தி, சுரண்டி எல்லாமே மரம். வழுக்காமல் இருக்கக் காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொள்வோம். காற்று ஊதுகிற மெஷின் வாயருகே இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் தட்டுவது காதுக்குக் கேட்காது. தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கைக்குக் கேட்கும். கொஞ்ச நாள் பழகிவிட்டால் உள்ளே இருக்கிறவன் நடப்பது, உட்காருவது, வாளியை வைப்பது எல்லாம் கைக்கே தெரிந்துபோகும்.

பாதிவழி எங்களிடம் வேலைக்கு வந்தது ஒரு மழைக்காலத்தில். அவர் எங்கள் மேஸ்திரியின் தங்கை புருஷன். பட்டப்பெயரை வைத்ததும் மேஸ்திரிதான். எதைத் தொட்டாலும் பாதி வழியில் விட்டுவிட்டு வருகிற ஆள் என்று அர்த்தம். அவர் அதைக் கேட்டுக் கோபப்பட்டதில்லை. "பேரு பொருத்தமாத்தான் இருக்கு மச்சான். முழு வழியும் போயிட்டா நான் ஏன் இங்க வர்றேன்?" என்பார்.

அவருடைய குடித்தனம் என் அறைக்கு அடுத்த அறை. நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அவர் மனைவி தையல்காரி. லாரிக்குப் போடுகிற தார்ப்பாய், கடைக்கு முன்னால் இழுத்துக் கட்டுகிற கித்தான், இந்த மாதிரி முரட்டுத் துணிதான் தைப்பாள். காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரை அவள் மெஷின் ஓடுகிற அதிர்வில் என் அறைத் தம்ளர்கள் நடுங்கும். அவர்களுக்கு ஒரே மகள், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த வயது. எல்லாரும் குட்டி என்றே கூப்பிட்டோம். நான் தனி ஆள் என்பதால் என் சாப்பாடும் அந்த வீட்டிலிருந்தே வரும். தடுப்பில் ஒரு பலகை தளர்ந்திருந்தது. அதை நகர்த்தித் தட்டை நீட்டுவாள் தையல்காரி. "அண்ணே, இன்னைக்குச் சோறு குழைஞ்சு போச்சு. பல்லு இல்லாதவருக்கு நல்லதுதான், கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க" என்பாள். எனக்குப் பல் எல்லாம் இருந்தது.

முதல் நாள் டீ குடிக்கும்போது பாதிவழியிடம் கேட்டேன். "இதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தே?"

"எல்லாம் பாத்தாச்சுண்ணே. மீன்பிடிப் படகுல போனேன். பிணவறையில உடம்பு கழுவுற வேலை செஞ்சேன். மலைமேல ஒரு கூட்டம் பேசாம இருக்குறாங்கன்னு சொன்னாங்க, அங்க போய் நானும் பேசாம இருந்தேன். உப்பு அள்ளினேன். கண்ணு தெரியாத ஒருத்தருக்குக் கையைப் பிடிச்சு ஊர் ஊராக் கூட்டிட்டுப் போனேன்."

"சம்பளம் பத்தலையா?"

"சம்பளத்தை யாரு கேட்டா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரே ஒரு தடவை நான் இல்லாம இருந்து பாக்கணும்ணே. செத்துப் போறதைச் சொல்லல. இப்படியே, உயிரோட, கை வேலை செஞ்சுக்கிட்டே இருக்கணும். ஆனா உள்ள நான் இருக்கக் கூடாது. அப்ப அங்க என்ன இருக்குன்னு பாக்கணும். பெரியவங்க சொன்னதெல்லாம் கேட்டாச்சு, படிச்சாச்சு. அடுத்தவன் சாப்பிட்டதை அவன் சொல்லக் கேட்டு எனக்கு எப்படிப் பசி அடங்கும்?" என்றார்.

பக்கத்தில் இருந்த மேஸ்திரி டீத் தம்ளரைக் கீழே வைத்தார். "கேட்டியாய்யா? என் தங்கச்சிக்கு நாலு புருஷனைக் கட்டி வச்ச மாதிரி இருக்கு. ஒருத்தன் மீன் நாத்தத்தோட வந்தான். ஒருத்தன் பிணத்து மருந்து வாடையோட வந்தான். ஒருத்தன் தாடியோட வந்து ஒரு மாசம் வாயைத் திறக்கல. எல்லாம் ஒரே ஆளு. மாப்ள, இந்தத் தடவை எண்ணெய் வாடையோட நில்லு. சோப்பாவது மிச்சமாகும்."

அவரை உள்ளே அனுப்பி நான் வெளியே நிற்பது என்று ஏற்பாடாயிற்று. வேலையில் குறை சொல்ல முடியாது. மூலை முடுக்கெல்லாம் நகத்தால் வழித்த மாதிரி சுரண்டுவார். வழக்கமாக உள்ளே போகிறவன் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை வாயருகே வந்து மூஞ்சியை நீட்டி மூச்சு வாங்கிக்கொள்வான். இவர் வரவே மாட்டார். நான் தட்டுவேன், பதில் வரும், அவ்வளவுதான்.

ஒரு நாள் வெளியே வந்து சாக்கை அவிழ்த்துக்கொண்டே கேட்டார். "அண்ணே, நான் ரெண்டு தட்டின பிறகு, இன்னொரு ரெண்டு கேட்டுதா உங்களுக்கு?"

"எதிரொலியா இருக்கும்."

"எதிரொலி உடனே வரும். இது யோசிச்சுட்டு வருது."

"தகடு ஆறும்போது அப்படித்தான் டக்கு டக்குன்னு சத்தம் போடும். வெயில்ல காஞ்ச இரும்பு."

அவர் வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மழை பிடித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. வெயில் என்று ஒன்று இருந்ததே மறந்துபோன மாதிரி வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. தகட்டைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு என் கையும் கேட்க ஆரம்பித்தது. நான் மூன்று. அவர் இரண்டு. கொஞ்சம் பொறுத்து, டேங்கின் அந்தப் பக்கத்திலிருந்து, மெதுவாக இன்னும் இரண்டு. முதலில் பெருச்சாளி என்று நினைத்தேன். பெருச்சாளி எண்ணித் தட்டாது.

வீட்டில் தையல்காரிக்கு அப்போது சந்தோஷம்தான். "இவ்வளவு நாள் ஒரே வேலையில நின்னதே இல்லண்ணே" என்றாள் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "ஒவ்வொரு தடவை கிளம்பிப் போறப்பவும் இனி வாசப்படி மிதிக்க விடக் கூடாதுன்னு கோபமா இருப்பேன். திரும்பி வந்து நிப்பாரு பாருங்க, எலும்பும் தோலுமா. அந்தக் கோபத்தைத் தேடுவேன், எங்க வச்சேன்னே தெரியாது."

"இந்தத் தடவை நிலைச்சுடுவான்மா."

"உங்க வாய் முகூர்த்தம். ஆனா ஒண்ணு. விளக்கை அணைச்சுட்டு மூலையில உக்காந்துக்கிட்டு எதுக்கோ காது கொடுக்குறாரு. என்னங்கன்னா, 'ஒண்ணுமில்ல, பக்கத்துல வந்துடுச்சு'ங்கறாரு. பக்கத்துல என்ன வந்துச்சு? கடன்காரனா?"

எண்ணெய்க் கிடங்கிலேயே பெரிய டேங்கை அந்த மாதக் கடைசியில் சுத்தம் செய்ய எடுத்தோம். அதற்கு நடுவில் கூரையைத் தாங்க ஒரு தூண், இரண்டு வாய். ஒன்று எங்கள் பக்கம், மற்றது சுற்றிக்கொண்டு போனால் குழாய்கள் ஓடுகிற பின்பக்கம். வேலை முடிகிற நாள். கசடெல்லாம் எடுத்தாகிவிட்டது. தரையைத் துடைப்பதுதான் பாக்கி. பாதிவழி காலையில் உள்ளே போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கயிறும் மறு கை தகட்டிலுமாக நின்றேன். தட்டினேன், பதில் வந்தது. மறுபடி தட்டினேன், வந்தது. கயிறும் விறைப்பாகவே இருந்தது. உச்சிப் பொழுது தாண்டியது. இன்னொரு தடவை தட்டினேன். இரண்டு பதில் தட்டல், தெளிவாக, அவர் தட்டுகிற அதே தோரணையில்: முதலாவது அழுத்தி, இரண்டாவது தொட்டும் தொடாமல்.

"அண்ணே" என்று என் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

திரும்பினேன். பாதிவழி நின்றுகொண்டிருந்தார். காலில் சாக்கு இல்லை. மழையில் நன்றாக நனைந்திருந்தார். வந்து ரொம்ப நேரம் ஆகியிருக்க வேண்டும். இடுப்பில் கயிறு இல்லை.

"எப்படா வந்தே? கயிறு?"

"உள்ள தூண்ல கட்டியிருக்கு. பின்வாசல் வழியா வந்தேன்."

"அப்ப இப்ப பதில் தட்டினது யாரு?"

அவர் தகட்டைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவர் முகத்தில் கண்டதில்லை. நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி இருந்தது. "உள்ள இருக்கறவருதான்" என்றார்.

எங்கள் தொழிலில் தட்டல் வந்தால் ஆள் உள்ளே இருக்கிறான். அதை நம்பித்தான் நிற்கிறோம், கயிற்றை இழுக்காமல் விடுகிறோம். ஆள் என் பக்கத்தில் நிற்கிறார். மரச் சுத்தியை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே மூன்று தடவை தட்டினேன். கைக்குக் கேட்டது. ஒன்று, அழுத்தி. இன்னொன்று, தொட்டும் தொடாமல்.

மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்து லைட் அடித்துப் பார்த்தோம். துடைத்த தரை பளபளவென்று கிடந்தது. தூணில் கயிறு. வேறு எதுவும் இல்லை. "வயசாச்சு உனக்கு" என்றார் மேஸ்திரி என்னைப் பார்த்து. ஆனால் வாய் மூடியைப் போடச் சொல்லும்போது அவரே இரண்டு அடி தள்ளித்தான் நின்றார். எண்ணெய் வருகிற வரைக்கும் டேங்க் காலியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். நான் அந்தப் பக்கம் போகிற வேலையை மற்றவர்களிடம் தள்ளிவிட ஆரம்பித்தேன்.

வீட்டில் என்ன ஆயிற்று என்பது உடனே தெரியவில்லை. முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பாதிவழி நேரத்துக்கு வந்தார், நேரத்துக்குச் சாப்பிட்டார். தையல்காரி கித்தானை மடிக்கச் சொன்னால் மடித்தார். தண்ணீர் பிடிக்கச் சொன்னால் பிடித்தார். மூலையில் போய் உட்காருவது நின்றுபோனது. தடுப்பு வழியாகத் தட்டை நீட்டும்போது அவள் முகத்தில் வெட்கம் கலந்த சிரிப்பு இருந்தது. "புதுசாக் கல்யாணம் ஆன மாதிரி இருக்குண்ணே. சண்டை போடவே ஆளு இல்ல."

பிறகு அதே வார்த்தையை வேறு மாதிரிச் சொன்னாள். "சண்டை போட ஆளே இல்லண்ணே."

உப்புப் போடாத பருப்பை வேண்டுமென்றே வைத்துப் பார்த்தாளாம், சாப்பிட்டார். மறுநாள் உப்பை அள்ளிக் கொட்டி வைத்தாள், அதையும் சாப்பிட்டார். எது நன்றாக இருந்தது என்று கேட்டால் "ரெண்டும்" என்றார். அவருடைய பழைய செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று பொய் சொன்னாள். சரி என்று வெறுங்காலோடு வேலைக்கு வந்துவிட்டார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடி வந்தாள்.

குட்டிக்கு அது விளையாட்டாகப் போயிற்று. "அப்பா, கையைத் தூக்கு" என்பாள், தூக்குவார். குட்டி மறந்துவிட்டு வெளியே ஓடிவிடுவாள். தூக்கிய கை தூக்கியபடியே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தடுப்புப் பலகையை நகர்த்திப் பார்த்தபோது அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். தூக்கிய கையில் ஈ ஒன்று மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நடந்து போய், திரும்பி வந்தது. கையில் ஒரு மயிர்க்கால்கூட அசையவில்லை. முகத்தில் அதே சிரிப்பு. "கையை இறக்குப்பா" என்றேன் மெதுவாக. இறக்கினார்.

"வலிக்கலையா?"

"வலி இருக்கு" என்றார். தெருவில் லாரி நிற்கிறது என்று சொல்வது மாதிரி.

"நீ தேடினது கெடைச்சுட்டுதா?"

"தேடினவரு அங்கயே தங்கிட்டாரு" என்று கிடங்கு இருக்கிற திசையைப் பார்த்தார். "இங்க ரொம்ப அமைதியா இருக்கு."

அந்த வாரத்திலேயே குட்டி மாடிப்படியில் விழுந்தாள். பாசி பிடித்த படி, மழைக்காலம். மேலிருந்து கீழ்ப்படி வரை உருண்டு வந்து நெற்றி பிளந்தது. நான் சத்தம் கேட்டு ஓடினேன். தையல்காரி என்னை முந்திக்கொண்டு ஓடினாள், கையில் துணிக் கத்தரியோடு. கீழ்ப்படிக்கு ஒரு கை தூரத்தில் பாதிவழி உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் காலடியில் வந்துதான் விழுந்திருக்கிறது. "அப்பா, அப்பா" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு அலறுகிறது. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை, பயமில்லை, வெறுப்பும் இல்லை. ஜன்னல் வழியாக மழையைப் பார்க்கிறவன் எப்படிப் பார்ப்பானோ, அப்படி. ரத்தம் அவர் பாதத்தில் சொட்டி விரலிடுக்கில் இறங்கியது.

தையல்காரி குழந்தையை வாரி எடுத்தாள். "தூக்கக் கூடாதா? தூக்கறதுக்கு என்ன?" என்று கத்தினாள்.

"தூக்கச் சொல்லலையே" என்றார்.

குழந்தைக்குத் தையல் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்த பிறகு என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அவள் ரவிக்கையில் ரத்தம் காய்ந்திருந்தது.

"அண்ணே, அன்னைக்கு அந்த டேங்குல என்ன நடந்துச்சு? மறைக்காம சொல்லுங்க."

சொன்னேன். என் கைக்குக் கேட்டதையும் சொன்னேன். அவள் சிரிப்பாள், இல்லை அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. "ரெண்டாவது தட்டு, தொட்டும் தொடாமலா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். "ராத்திரி திரும்பி வர்ற நாள்லயெல்லாம் கதவை அப்படித்தான் தட்டுவாரு. திறப்பேனோ மாட்டேனோன்னு ரெண்டாவது தட்டுக்குள்ள பயம் வந்துடும் அவருக்கு" என்றாள்.

பெரிய டேங்குக்கு மறுநாள் மாலை எண்ணெய் ஏற்றுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதையும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்குக் கிடங்கு வாசலில் தையல்காரி நின்றாள். ஒரு கையில் நெற்றிக்கட்டுப் போட்ட குட்டி, மறு கையில் புருஷன். இரண்டு பேரையும் ஒரே மாதிரி கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். அன்று அவரை வேலைக்கு அனுப்பவில்லை. டேங்குக்கு முன்னால் கிடந்த ஒரு குழாயைக் காட்டி உட்காருங்கள் என்றாள், உட்கார்ந்தார். பிறகு தன் அண்ணன் மேஸ்திரியிடம் போனாள்.

"டேங்கைத் திறக்கச் சொல்லுண்ணே. நான் உள்ள போகணும்."

மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் வைத்தது வாயிலேயே நின்றது. "உனக்கும் பிடிச்சுக்கிச்சா? அவன் பைத்தியம்னா அவன் ஒருத்தனோட போகட்டும்."

"பைத்தியமா இருந்தப்ப நான் ஏதாவது கேட்டேனா? மீன் நாத்தத்தோட வந்தாரு, குளிக்க வச்சேன். தாடியோட வந்தாரு, வெட்டி விட்டேன். அப்ப எல்லாம் ஆளு இருந்துச்சு. வெறும் சட்டையை எத்தனை நாள் துவைச்சுப் போடுறது?"

"உள்ள ஒண்ணுமே இல்லம்மா. நானே பாத்தேன்."

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லாத எடத்துக்குப் போயிட்டு வர்றேன். உனக்கென்ன பயம்?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, காற்று மெஷினைப் போடச் சொன்னார்.

என்னுடைய மாற்றுக் கால்சட்டையை வாங்கி அவள் மாட்டிக்கொண்டாள். இடுப்பில் நிற்கவில்லை. இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, "தொப்பையாண்ணே இது, தார்ப்பாயா?" என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. காலில் ஈரச் சாக்கு சுற்றிவிட்டேன். இடுப்பில் கயிறு கட்டினேன். சுரண்டிக் கட்டையைக் கையில் கொடுத்து, "மூணு தட்டினா ரெண்டு தட்டணும். பேசக் கூடாது. பேசினா தலை சுத்திடும்" என்றேன்.

"பேசத்தானே போறேன்" என்றாள். குனிந்து வட்ட வாய்க்குள் தவழ்ந்து போனாள்.

தகட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஈரச் சாக்கு இழுபடுகிற நடை. மெதுவாக, தயங்கித் தயங்கி. தூண் இருக்கிற நடு இடத்தையும் தாண்டிப் போகிறாள். மூன்று தட்டினேன். அவளுடைய பதில் வந்தது, அவசரமாக இரண்டு. கொஞ்சம் பொறுத்து, அவள் நின்ற இடத்துக்கும் அப்பால், அழுத்தி ஒன்று. தொட்டும் தொடாமல் ஒன்று. அவள் ஓரடி பின்வாங்கியது கைக்குத் தெரிந்தது. மேஸ்திரியின் கையும் இப்போது தகட்டில்தான் இருந்தது. அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். டேங்குக்குள் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஒரு தெருப் பெண்கள் மொத்தமும் குழாயடியில் கூடிக்கொண்டு ஒரே ஆளைத் திட்டுவது மாதிரி இருந்தது. சொற்கள் உடைந்து உடைந்து வந்தன. "உக்காந்திருக்கற அழகைப் பாரு." "பிள்ளை மண்டை உடைஞ்சு கிடக்கா." "நல்லாயிருக்கா இருட்டு?" "எழுந்திரிங்க." எழுந்திரிங்க, எழுந்திரிங்க என்று அந்த ஒரு சொல்லைப் பத்துக் குரலும் சுவர் சுற்றிச் சொல்லிக்கொண்டே போயின. தகடு என் கைக்குள் அதிர்ந்தது. அப்புறம் சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது. நான் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். இல்லை.

"இழுய்யா!" என்றார் மேஸ்திரி.

கயிற்றைப் பிடித்தேன். அதற்குள் தகட்டில் நடை தெரிந்தது. ஈரச் சாக்கு இழுபடுகிற நடை, வாயை நோக்கி. அதோடு கூட இன்னொரு நடை. அது வெறுங்கால். ஈரத் தரையில் வெறுங்கால் வைத்து எடுக்கிற பசைச் சத்தம் என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வந்து பதிந்தது. உள்ளே போனது ஒருத்தி. வருவது இரண்டு பேர். நான் இதை மேஸ்திரியிடம் சொல்லவில்லை.

வட்ட வாயில் தையல்காரியின் தலை வந்தது. தோள் வந்தது. தவழ்ந்து வெளியே வந்தாள், ஒருத்தியாகத்தான் வந்தாள். அவளுடைய ஒரு கை பின்னுக்கு நீண்டு, எதையோ பிடித்து இழுக்கிற மாதிரி விரல் மடங்கியிருந்தது. முழுக்க வெளியே வந்ததும் அந்த விரல்களைப் பிரித்துவிட்டாள்.

அந்த நொடியில் குழாய்ப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. நீருக்கடியில் ரொம்ப நேரம் முங்கியிருந்தவன் மேலே வந்து முதல் மூச்சை இழுப்பானே, அந்தச் சத்தம். பாதிவழி எழுந்து நின்றிருந்தார். இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்திருந்தார். கண் எங்கெங்கோ ஓடி, மகளின் நெற்றிக்கட்டில் வந்து நின்றது. "குட்டி" என்று முட்டி போட்டு விழுந்து அவளைக் கட்டிக்கொண்டார். கட்டின் ஓரத்தை விரலால் தொட்டார்.

பிறகு தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தார்.

"உன்னை யாருடி உள்ள வரச் சொன்னது?"

அவள் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷம்! எங்கெல்லாம் போனேன்! கெடைச்சுதுடி. ஒரு சத்தம் இல்ல, ஒரு ஆசை இல்ல. கடல் மாதிரி கிடந்துச்சு. அதுக்குள்ள வந்து நீ தோளைப் பிடிச்சு உலுக்குற. யாருக்குக் கெடைக்கும் அது? இனி எங்க போவேன் நான்?" என்று கத்தினார். கத்திக்கொண்டே அழுதார். பெரிய ஆண்பிள்ளை, எண்ணெய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு, பொருளைப் பறிகொடுத்தவன் மாதிரி வாய்விட்டு அழுதார். மகளை மட்டும் விடவில்லை.

"அழுங்க" என்றாள் தையல்காரி. "அழறதுக்கு இப்ப ஒரு ஆளு இருக்குல்ல."

மாலையில் டேங்குக்கு எண்ணெய் ஏற்றினார்கள். நான் நின்று பார்த்தேன். எண்ணெய் மட்டம் ஏறுவது தகட்டில் கை வைத்தால் தெரியும், உடம்பில் காய்ச்சல் ஏறுகிற மாதிரி. விளிம்பு வரைக்கும் நிறைந்தது. சுத்தியை எடுத்துத் தட்டிப் பார்க்கலாமா என்று தோன்றியது. தட்டவில்லை.

ரொம்ப நாள் கழித்துத்தான் அவளிடம் கேட்டேன், உள்ளே என்ன பார்த்தாய் என்று. "அந்த இருட்டுல என்னண்ணே பாக்கறது? கையை நீட்டினேன். தோளு இருந்துச்சு. தகடு மாதிரி ஜில்லுன்னு" என்றாள்.

பாதிவழி மழைக்காலம் முடிகிற வரை இருந்தார். உப்பு அதிகம் என்றார், மெஷின் சத்தம் தாங்க முடியவில்லை என்றார், குட்டிக்குத் தினமும் காயத்தில் மருந்து போட்டார். மனைவியோடு பேசவே இல்லை. விளக்கை அணைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து காது கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது. ஒரு காலை வெயில் அடித்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டு சட்டை, ஒரு போர்வை, காகிதத்தில் சுற்றிய ரொட்டி. எல்லாவற்றையும் அதில் வைத்தது தையல்காரிதான். தார்ப்பாய்த் துணியில் அந்தப் பையைத் தைத்ததும் அவள்தான், மழை இறங்காதபடி இரட்டைத் தையல் போட்டு.

வாசலில் நின்று குட்டியின் தலையைத் தடவினார். தையல்காரியைப் பார்த்தார். படி இறங்கிப் போனார். நான் என் அறை வாசலில் நின்றிருந்தேன். தெருமுனையில் ஆள் மறைகிற வரை மெஷின் ஓடவில்லை.

"அம்மா, அப்பா எங்க போறாரு?" என்று குட்டி கேட்டாள்.

"தேடப் போறாரு."

"எதை?"

"அம்மா கெடுத்துட்டேன்ல, அதை."

"கெடைச்சுடுமா?"

தையல்காரி கித்தானை மெஷினுக்கடியில் தள்ளி, நூலை ஊசியில் கோத்து, நுனியைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

"கெடைக்கட்டும்" என்றாள். "எங்க கெடைச்சாலும் சரி, அங்க வந்து மறுபடியும் கெடுப்பேன்."